இரண்டு மணிக்கு அழுதுகொள்ளலாம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என் இடது கை முறிந்தது. முறிந்தது காலை பத்தே கால் மணிக்கு. நான் அழுதது மதியம் இரண்டு மணிக்கு. நடுவில் மருத்துவமனைக்குப் போனோம், மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டோம், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா பரிதாபப்பட்டு வாங்கிக் கொடுத்த குச்சி ஐஸை நின்று நிதானமாகத் தின்றேன். அழ மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. ஏனென்றால் அப்பா நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையிலாவது அழுதிருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். கொல்லைப்புறக் கொய்யா மரத்திலிருந்து நான் விழுந்தவுடனே அம்மா ஓடிவந்து, முதலில் என் வாயைப் பொத்தினாள், அப்புறம்தான் கையைப் பார்த்தாள். "கத்தாதேடி. அப்பா எந்திரிச்சிருவாரு. ரெண்டு மணிக்கு அழுதுக்கலாம்" என்று காதுக்குள் சொன்னாள். நான் நல்ல பிள்ளை. அழுகையை விழுங்கிவிட்டேன். விழுங்கியதை மருத்துவமனையில் திரும்ப வரவழைக்கத் தெரியவில்லை.

நெய்வேலியில் சுரங்கம் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும். அதில் நிலக்கரியைச் சுமந்து செல்லும் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் என் அப்பா வேலை பார்த்தார். சுரங்கம் தூங்காததால் அதில் வேலை பார்க்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு தூங்கினார்கள். அவர்கள் பகலில் தூங்குவதற்காக அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகளான நாங்கள் பகலில் ஊமையானோம். எங்கள் வரிசையில் எந்த வீட்டில் எந்த வாரம் நைட் ஷிப்ட் என்பது தெரு நாய்க்குக்கூடத் தெரியும் என்று நினைக்கிறேன், அது எதிர்ப்பக்கம் போய்த்தான் குரைக்கும்.

எங்கள் வீட்டுச் சட்டதிட்டங்கள் எளியவை. காலை எட்டு முதல் இரண்டு வரை மிக்ஸி கிடையாது. ரேடியோ, டிவி கிடையாது. காலிங் பெல் பொத்தானின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். டம்ளர் கை தவறி விழுந்தால் அது விழுந்த சத்தத்தைவிட அம்மா பார்க்கும் பார்வை பயங்கரமாக இருக்கும். குக்கரை அடுப்பில் ஏற்றமாட்டாள். அரிசியும் பருப்பும் போட்டு மூடி, வெளியே தூக்கிக்கொண்டு போய், பக்கத்து வீட்டு அடுப்பில் வைத்து, விசில் வந்ததும் ஈரத் துணியில் சுற்றித் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவாள். அந்த வீட்டு அண்ணனுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரத்தில் அவர்களுடைய குக்கர் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரும். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் நைட் ஷிப்ட் விழுந்தால் இரண்டு வீட்டிலும் வடித்த சோறுதான். விசிலடிக்காமல் பருப்பு வேகாத அந்த வாரங்களில் குழம்பில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் இருக்கும்.

சுற்றுப்பட்டு ஊரிலிருந்து கீரை விற்க வரும் ஆயா ஒருத்தி உண்டு. அடுத்த பிளாக் வரைக்கும் கேட்கும்படி கூவிக்கொண்டு வருபவள் எங்கள் வாசலுக்கு வந்ததும் கூடையை இறக்காமல் கேட்டில் நின்று, "அப்பா தூங்கிக்கினு இருக்காரா?" என்று உதட்டை மட்டும் அசைப்பாள். நான் தலையாட்டினால் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டுவாள். அம்மா விரலைக் காட்டுவாள். ஒரு சொல் பேசாமல் பேரம் முடியும்.

வீட்டுக்குள் பாம்பு வந்த கதையும் உண்டு. குளியலறை ஓட்டை வழியாக ஒரு சாரைப் பாம்பு வந்துவிட்டது. அம்மாவும் நானும் துடைப்பத்தோடும் முறத்தோடும் அதைச் சமையலறையைச் சுற்றித் துரத்தினோம். "அந்தப் பக்கம்", "கதவத் திற", "ஐயையோ" எல்லாமே கிசுகிசுப்பில். பாம்புக்கே கொஞ்சம் அவமானமாக இருந்திருக்கும். அது போன பிறகு அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் நடுங்கியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் சத்தம் போட அனுமதி உள்ள ஒரே மனிதர் அவர்தான்.

இப்படி வளர்ந்த பெண் என்ன வேலைக்குப் போக வேண்டும்? நூலகத்துக்குப் போயிருக்கலாம். ஒற்றர் படைக்குப் போயிருந்தால் நாட்டுக்கே பெருமை. நான் ஆசிரியை ஆனேன். தனியார் பள்ளி ஒன்றில் வருடா வருடம் புதுப்பிக்கும் காண்ட்ராக்ட்டில் அறிவியல் எடுத்தேன். ஒரு மார்ச் மாதம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மிஸ், உங்க சப்ஜெக்ட்ல ஒரு குறையும் இல்ல. ஆனா உங்க குரல் மூணாவது பெஞ்சத் தாண்டல. நாலாவது பெஞ்சுல இருந்து பின்னாடி எல்லாரும் வேற சப்ஜெக்ட் படிச்சுக்கிட்டு இருக்காங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

"பாருங்க, அதுவே எனக்குச் சரியாக் கேக்கல."

ஜூனில் பள்ளி திறந்ததும் அவரே வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அங்கே கேட்டால் காண்ட்ராக்ட் உண்டு. கேட்கவில்லை என்றால் எனக்கு முப்பத்தொன்பது வயதில் வேலை போய்விடும். இதை அவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார். கூடவே ஒரு பரிகாரமும் சொன்னார். கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்காக ஏற்காட்டில் இரண்டு நாள் துணிச்சல் முகாம் நடக்கிறது, பள்ளி செலவிலேயே போய்விட்டு வரலாம் என்றார். செவ்வாய் தோஷத்துக்குத் திருநள்ளாற்றுச் சனீஸ்வரனிடம் அனுப்பிய கதைதான், இருந்தாலும் போனேன்.

முகாமில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த தம்பிக்கு இருபத்தாறு வயதிருக்கும். எந்நேரமும் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். முதல் நாள் காலை எங்களை வட்டமாக நிறுத்தி, "உங்க ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு சிங்கம் தூங்கிட்டு இருக்கு, அதை எழுப்புங்க" என்றார். தூங்குகிறவர்களை எழுப்புவது எங்கள் வீட்டில் பெருங்குற்றம் என்பது அவருக்குத் தெரியாது.

பிறகு இடுப்பில் வார் கட்டி, ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குக் கம்பியில் தொங்கவிட்டுத் தள்ளினார்கள். கீழே மரங்களின் தலை தெரிந்தது. எனக்கு முன்னால் போன கணக்கு ஆசிரியை இருக்கிற தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனார். உடற்கல்வி ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டார். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. ஆனால் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. அந்தப் பக்கம் போய் இறங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம், பயப்படாமல் அமைதியாகப் பயணித்ததற்காக எனக்கு 'மிகத் துணிச்சலானவர்' என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். உலகத்தில் எத்தனை வீரர்கள் இப்படி வாய் அடைத்துப்போய்ப் பட்டம் வாங்கினார்களோ தெரியாது.

மறுநாள் பாறை விளிம்பில் நிறுத்தி, உங்கள் பயத்தின் பெயரைப் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்துங்கள் என்றார். ஒவ்வொருவராகக் கத்தினார்கள். "மாமியார்" என்று ஒரு குரல் எதிரொலித்து வந்தபோது எல்லோரும் சிரித்தோம். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். மணி காலை பதினொன்று. உடம்புக்குள் எங்கிருந்தோ ஒரு கை வந்து வாயைப் பொத்தியது. பயிற்சித் தம்பி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "பரவால்ல மேடம், உங்க சிங்கம் சைவம் போல இருக்கு" என்றார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன். வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

சான்றிதழை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார்.

அப்பா ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நகரியத்தின் நுழைவு வளைவுக்கு வெளியே ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். அப்பாவுக்கு இப்போது நைட் ஷிப்ட் இல்லை, ஆனால் பகல் தூக்கம் மட்டும் பென்ஷனைப் போலத் தொடர்ந்து வருகிறது. அதனால் அம்மா இன்றும் குக்கர் விசிலுக்கு மேல் ஈரத் துணியைப் போர்த்துவாள். நாங்கள் இன்றும் உதட்டைப் பெரிதாக அசைத்து, கையை ஆட்டி, கிசுகிசுப்பாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அதிகம் பேசமாட்டார். நாம் பேசினால் முகத்தையே உற்றுப் பார்ப்பார், பிறகு "ம்" என்பார். நான் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்றதற்கு "ம்". திருமணம் வேண்டாம் என்றதற்கும் "ம்". சொந்தக்காரர்கள் எல்லாம் அவரைப் பெரிய பெருந்தன்மைக்காரர் என்பார்கள். நாங்களும் அதைக் கம்பீரம் என்றே நினைத்திருந்தோம்.

அவருக்கு ஒரு வித்தை உண்டு. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, பழுத்ததா காயா என்று சொல்லிவிடுவார். தெற்கிலிருந்து வேலைக்கு வந்த மனிதர், இந்த ஊருக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட வித்தை. முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்களைக் கற்றுக்குட்டி என்பார். ஆனால் பல வருடங்களாகவே அவர் கேட்டுப் பார்த்து வாங்கி வந்ததெல்லாம் காயாகத்தான் இருந்தது. அம்மா வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பொரியல் ஆக்கினாள். கிலோக் கணக்கில் பலாக்காய்ப் பொரியல் தின்று நாங்கள் அப்பாவின் வித்தையைக் காப்பாற்றினோம்.

ஏற்காட்டிலிருந்து வந்த பத்தாவது நாள், மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. "வா, பண்ருட்டிக்குப் போயி நல்ல பழமா ஒண்ணு வாங்கியாருவோம்" என்றார் அப்பா. பஸ்ஸில் போனோம். மண்டியில் மலை மலையாகப் பலா குவிந்திருந்தது. ஒரு குவியலுக்குப் பின்பக்கம் அப்பா குனிந்து, ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக்கொண்டிருந்தார். நான் பத்துப் பதினைந்து அடி தள்ளி, பையோடு நின்றிருந்தேன். பழக்காரம்மா எனக்கு ருசி காட்டுவதற்காக, குனிந்து ஒரு சுளையை அறுத்துக்கொண்டிருந்தாள்.

பழம் ஏற்றிய ஒரு லாரி பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. பழைய லாரி. என்ஜின் போட்ட சத்தத்துக்குச் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஒதுங்கிக்கொண்டார்கள். பின்னால் நின்று வழி சொல்ல யாரும் இல்லை. அப்பாவின் முதுகு லாரியின் பக்கம் இருந்தது. அவர் ஒதுங்குவார் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. ஒரு பலாவை நிதானமாகத் தட்டினார். காதை வைத்தார். லாரிக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது.

"நிறுத்துடா!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். தொண்டை எரிந்த பிறகுதான் என் குரல் என்று தெரிந்தது. லாரி குலுங்கி நின்றது. மேலே இருந்த பலா ஒன்று உருண்டு தரையில் விழுந்து பிளந்தது. சாலையின் அந்தப் பக்கம் நின்றிருந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தார். மண்டி முழுக்க அமைதி. ஒரே ஒருவர் மட்டும் இன்னும் பலாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிளந்த பழம் காலில் வந்து முட்டியதும்தான் அப்பா திரும்பினார். பின்னால் நின்ற லாரியைப் பார்க்கவில்லை. பழத்தைப் பார்த்தார். மஞ்சளாகச் சுளை தெரிந்தது.

"அட, இது நல்லாப் பழுத்திருக்கே" என்றார்.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "இன்னா பெருசு, செவுடா நீ? இம்மாஞ் சத்தம் போட்டுக்கினு வண்டி வருது, கேக்கல?"

ஊரில் யாரும் யாரையும் திட்டும் சாதாரணத் திட்டுதான். அப்பா அவருடைய வாயையே உற்றுப் பார்த்தார். வழக்கமாக "ம்" என்பார். இந்த முறை சொல்லவில்லை. முகம் சுருங்கி, தலை குனிந்துகொண்டார். பழக்காரம்மா என் தோளைத் தொட்டு, "யம்மா, இன்னா தொண்ட உனுக்கு! பொழச்சிக்கினாரு உங்கப்பா" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என் முகம் அவருக்குத் தெரியாதபடி நேராகப் பார்த்துக்கொண்டு, நல்ல சத்தமாகவே சொன்னேன்: "அப்பா, பஸ்ஸுல தீப்பிடிச்சிருச்சு." முன் சீட்டில் இருந்தவர் பதறிப்போய் எழுந்தார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பா முந்திரித் தோப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனில் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்து, "மிஸ், பக்கத்து கிளாஸ்ல பாடம் நடக்குது, கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார். காண்ட்ராக்ட் கிடைத்தது. என்னைச் சாட்சியாக வைத்து, அடுத்த வருடம் மொத்தப் பள்ளி ஆசிரியர்களையும் ஏற்காட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். தூங்கும் சிங்கங்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து, உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டேன். அம்மா அரிசி களைந்த கையோடு வந்து நின்றாள்.

"எவ்வளவு நாளாப்பா?"

அப்பா என்னையும் பார்க்காமல் அம்மாவையும் பார்க்காமல் சான்றிதழைப் பார்த்தார். "நீ கைய ஒடச்சுக்கிட்டியே, அதுக்கு முந்தின வருஷமே தூக்கத்துல ஒண்ணும் கேக்காது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா முழிச்சிருக்கும்போதும் போயிருச்சு."

"அப்ப வேலை?" என்று அவர் முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டேன்.

"அங்க என்ன காது வேணும்? பெல்ட்டுப் பக்கத்துல எல்லாருக்கும் கை ஜாடைதான். வீட்டுலயும் நீங்க உதட்டாலதானே பேசுனீங்க. ஒரு சொல்லுகூட எனக்கு விட்டுப்போகல."

பெல்ட்டு இரைச்சலுக்குக் காதில் வைத்துக்கொள்ள வேலையில் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அப்பா அதைப் பிரிக்காத உறையோடு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். புதுப் பொருளை வீணாக்கக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம்.

"ஏன் சொல்லல?" என்றேன். இந்த முறை கிசுகிசுக்கவில்லை.

"ஒரு நாள் பாதித் தூக்கத்துல எந்திரிச்சு வந்தேன். உங்கம்மா குக்கர ஈரத்துணியில சுத்திக்கிட்டு வெளிய இருந்து வர்றா. நீ ஒரு கையில மாவுக்கட்டோட, இன்னொரு கையால கதவு கிரீச்சிடாம புடிச்சுக்கிட்டு நிக்கிற. ரெண்டு பேரும் என்னப் பாத்துட்டு, சத்தம் கேட்டு எந்திரிச்சிட்டேன்னு பயந்துட்டீங்க." என் இடது கையைத் தொட்டார். "உங்ககிட்ட போயி, தூங்குறப்ப எனக்கு எதுவுமே கேக்காதுன்னு எப்படிச் சொல்றது? தைரியம் வரலம்மா."

கம்பியில் தொங்கிச் சான்றிதழ் வாங்கியவள் நான். திரும்பி அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தேன்.

பதில் சொன்னது அம்மாதான். "அத்தனை வருஷம் அந்தக் குக்கரத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேனே" என்றாள். அதைக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள், பழக்கம். பிறகு உள்ளே போனாள். குக்கரை அடுப்பில் ஏற்றும் சத்தம் கேட்டது. ஈரத் துணியை மூலையில் வீசியெறிந்தாள். முதல் விசில் வந்தது. அணைக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. ஏழாவது விசிலுக்கும் அவள் இடுப்பில் கைவைத்து அடுப்பின் முன்னாலேயே நின்றாள். முன்னறையில் அப்பா என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, அம்மா கோவமா இருக்காளா?" என்று கேட்டார்.

நான் அழ ஆரம்பித்தேன். என் கை முறிந்ததற்கு, அந்தப் பாம்புக்கு, பாறை விளிம்புக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அழுதேன். சுவரில் மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது.